மாப்பிள்ளைக் கதிரையில் ஒரு நிமிடம்

கல்யாணங்களுக்கு மணவறை கட்டுவது என் வேலை. இன்று பாரிசின் லாச்சப்பலிலிருந்து மணவறையை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு, நகருக்கு வெளியே ஒரு பழைய மாளிகைக்குப் போனோம். நாளை அங்கே நம்மவர் ஒருவரின் கல்யாணம்.

உள்ளே ஓமம் வளர்க்கக் கூடாதாம். முழுக்கப் பழைய மரவேலை, நெருப்பு ஆகாது என்று மாளிகைக்காரி மிகவும் மரியாதையாகச் சொன்னாள். அதனால் தோட்டத்தில் பெரிய மரத்தின் கீழே மணவறையைத் துண்டு துண்டாகப் பூட்டி நிறுத்தினோம்.

படம் எடுக்கிற தம்பி கூப்பிட்டான்.

"அண்ணை, வெளிச்சம் பாக்கோணும். ஒருக்கா மாப்பிள்ளையின்ரை கதிரையிலை இருங்கோ."

வேலை உடுப்போடு போய் அமர்ந்தேன். பின்னால் மாளிகை. பக்கத்தில் மணப்பெண்ணுக்கான வெறுங்கதிரை.

என் போனிலும் ஒரு படம் எடுக்கச் சொல்லி, கிளிநொச்சியில் இருக்கும் செல்விக்கு அனுப்பினேன். எங்களுக்குக் கல்யாணம் பேசி முடித்து வருடங்களாகிவிட்டன. எனக்கு இன்னும் இங்கே தங்குவதற்கான கார்ட் கிடைக்கவில்லை. அவளை இங்கே கூப்பிட வழியில்லை.

உடனே பதில் வந்தது.

"வடிவாயிருக்கிறியள். மற்றக் கதிரையிலை ஒருத்தரையும் இருக்க விடாதேங்கோ."

நாளைக் காலை அந்தக் கதிரையில் உண்மையான பொம்பிளை வந்து அமரப்போகிறாள். "தங்கச்சி, இது எங்கடை செல்வியின்ரை இடம், எழும்புங்கோ" என்று அவளிடம் போய்ச் சொல்லத் துணிவுள்ளவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எங்கள் வான் வண்டியில் இடம் இருக்கிறது.