பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு

சிதம்பரம் கீழ வீதியை ஒட்டிய சந்தில் பிறந்து வளர்ந்த ராஜகணேஷுக்கு மீன் என்றால் குளத்தில் பொரி போட்டதும் வாயைத் திறந்துகொண்டு மேலே வருமே, அது மட்டும்தான். வீடு சுத்த சைவம். அப்பா, அம்மா இருவரும் அவன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்கா கார்த்யாயினிதான் வளர்த்து ஆளாக்கினாள். அதனால் அவள் கிழித்த கோட்டை அவன் தாண்டுவதில்லை. ஒரே ஒரு தடவை தாண்டினான். கடலூரில் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பார்க்கப் போன கடையில் ஸ்ரீமதியைப் பார்த்துவிட்டு, கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

ஸ்ரீமதி காடாம்புலியூர்க்காரி. மீன் குழம்பு வாசனை இல்லாத ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் விடிந்ததே கிடையாது. கார்த்யாயினி ஆறு மாதம் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தாள். தம்பி வீட்டு அடுப்பில் மீன் சட்டி ஏறினால் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள், அவ்வளவுதான். ஸ்ரீமதி சரியென்று தலையாட்டினாள். ஆட்டிய தலைக்கு மரியாதையாக, கல்யாணமாகி இரண்டு வருஷம் மீனைத் திரும்பிப் பார்க்கவில்லை. குடியிருந்ததோ கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில். காற்று திரும்பினால் கருவாட்டு வாசனை ஜன்னல் வழியாக வந்து கன்னத்தைத் தடவும். எப்படித்தான் தாக்குப்பிடித்தாளோ, மகராசி.

2009 தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. ஸ்ரீமதிக்குத் தாய் இல்லை, ஆகவே போக ஒரு தாய் வீடும் இல்லை. சிதம்பரத்துக்கு வந்துவிடு என்று கார்த்யாயினி கூப்பிட்டாள். ஸ்ரீமதிக்கு மனசில்லை. முதல் பிள்ளையைத் தன் வீட்டில், தன் கையால் வளர்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ராஜகணேஷ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நாங்களே பார்த்துக்கொள்கிறோம் அக்கா என்று சொல்லிவிட்டான். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் குழந்தையை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவது என்றே தனக்குத் தெரியாது என்பது அவனுக்கு உறைத்தது.

ஆனாலும் அசரவில்லை. கடைக்காரர்களிடம் லீவு சொன்னான். வெந்நீர் போட்டான், பீத்துணி அலசினான். காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் குளிப்பாட்டக்கூடப் பழகிக்கொண்டான். பத்தியச் சமையல் மட்டும் அக்காவின் உத்தரவு. தினமும் காலையில் போன் வரும், இவன் தலையைச் சாய்த்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு கிண்டுவான். மிளகு ரசம், சுண்டைக்காய் வற்றல், உப்புச் சப்பில்லாத சோறு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம், பிள்ளை பெற்றவள் தண்ணீர் ஜாஸ்தி குடிக்கக் கூடாது, குடித்தால் வயிறு தொப்பை போட்டுவிடும். ஸ்ரீமதி தாகம் என்று கேட்டால் இந்த மகானுபாவன் அரை டம்ளர் வெந்நீரை அளந்து ஊற்றிக் கொடுப்பான். பொறுப்பாகச் செய்கிறோம் என்ற பெருமை வேறு.

குழந்தை ஓயாமல் அழுதது. மார்பில் போட்டால் சப்பும், வீறிடும், சோர்ந்து தூங்கும், மறுபடி வீறிடும். ஆஸ்பத்திரியில் எடை போட்டபோது முள், பிறந்த எடைக்கும் கீழே போய் நின்றது. டாக்டர் அம்மா குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நோய் ஒன்றுமில்லை, பால் போதவில்லை என்றார். என்ன சாப்பிடுகிறாய் என்று ஸ்ரீமதியைக் கேட்டார். அவள் வாய் திறக்கும் முன்னே ராஜகணேஷ் பரீட்சையில் ஒப்பிப்பவன் போல் பத்தியத்தைச் சொன்னான், அரை டம்ளர் தண்ணீர் உட்பட. நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். தாகத்துக்குத் தண்ணீர் கொடு, வயிறு நிறைய, அவளுக்குப் பிடித்ததைக் கொடு, குழந்தை கேட்கும்போதெல்லாம் பால் கொடுக்கட்டும், பத்து நாள் பார்ப்போம், அப்போதும் எடை ஏறாவிட்டால் டப்பாப் பால்தான் என்று சொல்லி அனுப்பினார்.

சேதி சிதம்பரத்துக்கு எட்டியது. பத்து நாள் கழித்துத் தானே வருவதாக அக்கா சொன்னாள். எடை ஏறியிருந்தால் சரி, இல்லையென்றால் டப்பாவும் கையுமாகத் தாயையும் பிள்ளையையும் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவாள், பேச்சே கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் ஸ்ரீமதி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். ராஜகணேஷ் சொம்பு நிறையத் தண்ணீர் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். தன் மேலேயே அவனுக்கு ஆத்திரம் பொங்கியது. பச்சை உடம்புக்காரியைத் தாகத்தில் போட்டவன் இந்த ஊரில் தன்னைத் தவிர எவன் இருப்பான் என்று நினைத்தான். மடக்மடக்கென்று அவள் குடித்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"என்ன சாப்புடணும்னு தோணுது, சொல்லு" என்றான்.

அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு மறுபடி திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிறகு சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "சொன்னா அண்ணி கோச்சுக்குவாங்க, மாமா. சுறாப்புட்டு."

மறுநாள் காலை ராஜகணேஷ் துறைமுகத்துக்குப் போனான். தேள் கொட்டியவன் மாதிரி நெளிந்துகொண்டு ஈரத்தரையில் நின்றவனை, கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த முத்தம்மாள் மேலும் கீழும் பார்த்தாள். வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறதா என்று அவளே கேட்டாள். மீனைப் பார்த்து முழிக்கும் முழியிலேயே தெரிகிறதாம். பெற்றவளுக்குப் பால் சுறாதான் என்று பார்த்து எடுத்துக் கொடுத்தாள். ஸ்க்ரூ டிரைவர் வைக்கும் பையில் அதை மறைத்துக்கொண்டு, சிதம்பரத்து ஆள் யாரும் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று நடராஜரையே வேண்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். வேண்டுதலின் லட்சணத்தைப் பாருங்கள்.

மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்தான். மீன் மேலெல்லாம் மண். கழுவினான். மண் போகவில்லை. தேங்காய் நார் போட்டுத் தேய்த்தான். அப்போதும் நறநறவென்றிருந்தது. முத்தம்மாள் மணலில் விழுந்த மீனைத் தலையில் கட்டிவிட்டாள் என்று அவனுக்குக் கோபம் தலைக்கேறியது. திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று மீனைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீமதி முன்னால் வந்து நின்றான்.

ஸ்ரீமதி மீனைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், தையல் போட்ட இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் வர ஒரு சிரிப்பு. பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் சிரித்து அவன் பார்க்கவில்லை.

"அது மண்ணு இல்ல மாமா, சுறாவோட தோலே அப்புடித்தான். கொதிக்கிற தண்ணிய ஊத்திச் சுரண்டுங்க."

அவள் கட்டிலில் இருந்தபடியே சொல்லச் சொல்ல, அவன் சுரண்டி, மஞ்சள் போட்டு வேகவைத்து, முள் பார்த்து உதிர்த்து, சின்ன வெங்காயமும் பூண்டும் கைநிறையப் போட்டுக் கிளறினான். குமட்டிக்கொண்டு வந்தபோதெல்லாம் வாசலுக்கு ஓடி மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான். ஸ்ரீமதி அன்று வயிறார, மனசாரச் சாப்பிட்டாள். இரண்டாம் சோறு கேட்டு வாங்கினாள். அதைப் பார்த்தபோது ஊரில் இருக்கும் அத்தனை மெஷினையும் ஒரே நாளில் ஓடவைத்த மாதிரி அவனுக்கு இருந்தது.

தண்ணீரா, சோறா, சுறாவா, எது செய்த வேலையோ தெரியாது, பால் சுரந்தது. ஜாக்கெட் நனைகிற அளவுக்குச் சுரந்தது. குழந்தை குடித்துவிட்டு வாயோரம் பால் வழியத் தூங்கினாள். மூத்திரத் துணி மேல் துணியாக விழுந்தது. இன்னொன்று நனைத்துவிட்டாள் என்று அவன் ஊருக்கே கேட்கிற மாதிரி அறிவித்துவிட்டுத்தான் அலசப் போவான். முத்தம்மாளிடம் இப்போது நெளிவதில்லை, பேரம் பேசுகிறான்.

பத்தாம் நாள் காலை, அடுப்பில் புட்டு இருக்கும்போதே கார்த்யாயினி வந்து இறங்கினாள். கையில் பால் டப்பா. வாசற்படியில் ஒரு கால் வைத்தவள் அப்படியே நின்றாள்.

"என்னடா இது, நாத்தம்?"

முன்பு என்றால் ராஜகணேஷுக்குக் குலை நடுங்கியிருக்கும். அன்றைக்குக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தான்.

"சுறா, அக்கா. நான்தான் வாங்குனேன், நான்தான் ஆக்குறேன். அவ கேக்கவே பயந்தா. நீ திட்டுறதா இருந்தா என்னத் திட்டு."

கார்த்யாயினி முகம் இறுகிப்போயிற்று. படியில் வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள், உள்ளே வரவில்லை. ஆட்டோ பிடித்து எல்லோரும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தராசில் குழந்தையைக் கிடத்தியபோது ஸ்ரீமதி கண்ணை மூடிக்கொண்டாள். முள் ஏறியது. பிறந்த எடையைத் தாண்டி, அதற்கும் மேலே போய் நின்றது. டப்பாவுக்கெல்லாம் வேலையே இல்லை, தாய்ப்பாலே போதும் என்று டாக்டர் அம்மா சிரித்தார். ஸ்ரீமதி அந்த இடத்திலேயே விம்மி விம்மி அழுதாள். ராஜகணேஷுக்குத் தலைகால் புரியவில்லை, வழியில் வந்த நர்ஸுக்கெல்லாம் கும்பிடு போட்டான். கார்த்யாயினி மட்டும் தராசையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீடு திரும்பியதும் குழந்தை பசிக்கு அழ, ஸ்ரீமதி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ராஜகணேஷ் குழாயடிக்குத் துணி அலசப் போனான். அக்கா வாசலிலேயே நின்றாள். உள்ளே குழந்தை மொடக்மொடக்கென்று குடிக்கும் சத்தம் அவளுக்குக் கேட்டது.

அவன் பிழிந்த துணியோடு திரும்பியபோது வாசலில் ஆள் இல்லை. கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டாளோ என்று பதறி உள்ளே எட்டிப் பார்த்தான். ஸ்ரீமதியின் இரண்டு கையும் குழந்தையைப் பிடித்திருந்தன. பக்கத்தில் கார்த்யாயினி தட்டோடு உட்கார்ந்து, சோற்றில் சுறாப்புட்டைத் தன் விரலால் பிசைந்து, உருட்டி அவள் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஸ்ரீமதி போதும் அண்ணி என்று கூச்சத்தோடு தலையைத் திருப்பினாள். கார்த்யாயினி விடவில்லை.

"இன்னும் ரெண்டு வாய் வாங்கிக்கடி. எம் மருமவளுக்குப் பத்த வேணாமா?"