மூன்று பக்கம் மூச்சடக்கியவன்

எந்தத் தாளும் உரிய வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும் என்ற நம்பிக்கையில் ஓய்வு பெறும்வரை சம்பளம் வாங்கியவன் நான். என் முதல் கதையையும் அப்படித்தான் அனுப்பினேன். யுத்தம் முடிந்திருந்த சமயம். தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு சரிபார்க்கும் குமாஸ்தா வேலை. யாரிடமாவது நேரே நீட்டி, 'படித்துப் பாருங்கள்' என்று சொல்ல வாய் வரவில்லை. அட்டை போட்டு, நாடா கட்டி, முகப்பில் 'பார்வைக்கும் கருத்துக்கும்' என்று எழுதி ஆபீஸ் சுற்றில் விட்டேன். நாலே நாளில் திரும்பிவிட்டது. ஏழு மேசை, ஏழு சுருக்கொப்பம். தலைமைக் குமாஸ்தா மட்டும் கூடுதலாக ஒரு வரி எழுதியிருந்தார்: 'முந்தைய தாள்கள் இணைக்கப்படவில்லை.'

ஒருவரும் படிக்கவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதுதான் வெட்கம். உயிருள்ள ஒரு மனிதருக்காவது வாசித்துக் காட்டுவது, அவர் கொட்டாவி விட்டால் எழுதுவதையே விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

அந்நாளில் பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் நடுக்கடலில் நிற்கும். பாய்மரத் தோணிகளில் சரக்கு போகும். கூடவே நானும் போவேன். ஒரு முற்பகலில் பாதி வழியில் காற்று செத்தது. பாய் துவண்டு தொங்கியது. கரையின் உப்புக் குவியல்கள் வெயில் மங்கலில் வெண்மேகங்களாகி மெல்லக் கரைந்தன. நீருக்கும் வானுக்கும் நடுவே கோடு இல்லை. மிதக்கிறோமா, தொங்குகிறோமா என்று தெரியவில்லை.

தோணியை நடத்தும் தண்டல், முன்பு கடலில் முங்கிச் சங்கு எடுத்தவர்.

"பையில என்னய்யா, வெத்திலயா?"

"கதை."

"படிங்க. காத்து வார வரைக்கும் சும்மாதான கெடக்கோம்."

படித்தேன். முத்துக்குளிப்பவன் ஒருவன் கடலடியில் சிப்பியைத் தொடப்போகும் நேரத்தில், காலையில் மனைவியோடு போட்ட சண்டையை நினைக்கிறான். மூன்று பக்கம் நினைக்கிறான். இரண்டாம் பக்கத்தில் தோணிக்காரர்களின் சிரிப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். தண்டல் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கன்னம் உப்பி, கண் பிதுங்க உட்கார்ந்திருந்தார். என் ஆள் முங்கியபோதே அவரும் மூச்சை அடக்கியிருக்கிறார். புஸ்ஸென்று விட்டார்.

"ஏலே, அவன் செத்துட்டாம்ல" என்றான் ஒரு தோணிக்காரன்.

"செத்து நாலு நாளாச்சு" என்றார் தண்டல், மூச்சு வாங்க. "முங்குனவன் பொண்டாட்டிய நெனப்பாந்தான். இல்லங்கல. இம்புட்டு நீளமாவாய்யா நெனப்பான்?"

காது சுட்டது. தாள்களைக் கடலில் எறியத் தோன்றியது. துறைமுக எல்லைக்குள் அது விதிப்படி குற்றம் என்பதும் எனக்குத் தெரியும்.

"நான் அடக்குதேன், நீங்க படிங்க. எனக்கு மூச்சு முட்டுத எடத்துல அவன மேல ஏத்திருங்க" என்றார் தண்டல்.

பென்சிலை எடுத்தேன். நிலவுக்குச் சொன்ன ஐந்து உவமைகளும் போயின. கடலடியில் நிலவுக்கு என்ன வேலை? மறுபடி படித்தேன், மறுபடி அடித்தேன். நாலாவது தடவை பன்னிரண்டு வரிதான் மிச்சம். கைபடாத சோற்றுத் தட்டு, திரும்பி நின்ற மனைவியின் முதுகு, சிப்பியை நோக்கி நீளும் கை. முடித்தேன்.

தண்டல் மூக்கிலிருந்து கையை எடுக்கவில்லை. தோணியின் ஓரமாகத் தண்ணீருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் மூச்சு வந்தது.

"சோத்தத் திங்காமயா வந்தான்?"

"ஆமாம்."

"கயித்த இழுத்திருப்பான், மேல இருக்கவன் தூக்கிருப்பான். ஏறிட்டான்" என்றான் தோணிக்காரன்.

"எங்க ஏற? கோவத்துல போனவனுக்குக் கயிறு நெனப்பு இருக்குமால?" என்றான் இன்னொருவன்.

"நீ கண்டியோ?"

"நீ கண்டியாக்கும்!"

என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. காற்று வந்து பாய் சிலிர்த்தது. அவர்கள் எழுந்து பாய்க் கயிறுகளைப் பிடித்தபடியே வழக்கைத் தொடர்ந்தார்கள். நானும் ஒரு கணம் அவனைத் தேடித் தண்ணீருக்குள் எட்டிப் பார்த்தேன்.

தோணி கப்பலை அணைவதற்குள், அடித்த தாளொன்றின் பின்பக்கத்தில், அவன் மனைவி தட்டை மூடி வைத்துவிட்டுக் கரைக்குப் புறப்படுவதை எழுதத் தொடங்கியிருந்தேன்.