தலையணையில் வைத்துவிட்டுப் போகும் காசு

ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிறவனுக்கு ஆட்களின் முகம் தெரியாது. அவர்கள் எழுந்துபோன கட்டில்தான் தெரியும்.

துவாய் மடித்து முதுகு போன தோழர்களே, இந்தக் குறிப்புகள் உங்களுக்காக எழுதியவை. விருந்தாளிகள் வாசித்தாலும் குற்றமில்லை. அடுத்தமுறை கட்டிலில் ஏறுமுன் காலில் ஒட்டிய கடல் மணலையாவது தட்டிவிட்டு ஏறுவார்கள்.

ஐம்பத்தெட்டு வயதில் 'ரூம் போய்'

புத்தளத்து உப்பளங்களின் வாசலில் கூட்டம் போட்டவன் நான். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்தது. மிச்சத்தைத் துண்டுப் பிரசுரங்கள் கற்றுத் தந்தன. முதலாளியின் லாபம் எங்கிருந்து வருகிறது என்பதை உப்பு அள்ளும் பெண்களுக்கு உப்பை வைத்தே விளக்கியிருக்கிறேன். அதற்குப் பரிசாக உப்பளக் கதவுகள் எனக்கு மூடின. பிறகு இறால் பண்ணைக் கதவுகளும் மூடின. கடைசியில், கற்பிட்டிப் பக்கம் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களுக்காகக் கட்டிய ஒரு ஹோட்டலில் ஆள் தட்டுப்பாடு வந்தது. என்னை எடுத்தார்கள். பதவியின் பெயர் 'ரூம் போய்'.

முதல் நாள் மேற்பார்வையாளர் அந்தோனி பாடம் நடத்தினார். சிலாபத்துக்காரர், வயதில் என்னைவிட மிக இளையவர். மேசையில் கிடக்கும் காசு விருந்தாளி மறந்தது, ரிசப்ஷனில் கொடுக்கவேண்டும். தலையணையில் இருப்பது நமக்கு, அதற்குப் பெயர் சந்தோசம். இதைக் கேட்டுவிட்டு நான் சும்மா இருப்பேனா? சம்பளம் உரிமை, சந்தோசம் பிச்சை, முதலாளி தரவேண்டியதை விருந்தாளியின் பையில் இருந்து பிடுங்கித் தருவதற்கு நாம் பல்லைக் காட்டவேண்டுமா என்று ஒரு உப்பள வாசல் கூட்டத்துக்கு வேண்டிய அளவு பேசினேன். அந்தோனி கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"நல்ல கதை அண்ணன். முடிஞ்சுதெண்டா அந்தக் கக்கூஸ் கொமட்டைக் கழுவிப் போடுங்க."

இரண்டு பேர் வேலை

பெரிய கட்டிலுக்கு விரிப்புப் போட இரண்டு பேர் வேண்டும். என்னோடு போட்டது நசீர். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில் இருந்து மற்ற முஸ்லிம்களோடு, கையில் கிடைத்ததை மட்டும் எடுத்துக்கொண்டு, துரத்தப்பட்ட குடும்பம். அவன் பிறந்தது இங்கே, அகதி முகாமின் கிடுகுக் கொட்டிலில். ஊழியர் விடுதியில் அவனுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். எனக்குக் குடும்பம் இல்லை. கட்சி, சங்கம் என்று போனதில் அதற்கு நேரம் வரவில்லை. கூட்டாளிகளும் ஒவ்வொருவராகக் குறைந்துபோனார்கள். ஆகவே நாள் முழுவதும் நான் பேசிய ஒரே மனிதன் நசீர்தான். அதை அவனிடம் நான் சொன்னதில்லை.

அவன் கை வேகம். விரிப்பை ஒரு வீசு வீசினால் அது என் பக்கத்து மூலையில் வந்து விழும். நான் மூலையைச் செருகிக்கொண்டே உலக நிலைமையை விளக்குவேன். ஒருநாள் எண்ணெய் விலை உயர்வின் பின்னணியைச் சொல்லிக்கொண்டு நின்றபோது அவன் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னான்:

"அண்ணன், அமெரிக்காவை நாளைக்குப் பாப்பம், அந்த மூலையை இப்ப இழுங்க."

எவ்வளவு வைப்பது?

ஒரு வெள்ளைக்கார இளைஞர் நடைபாதையில் என்னை நிறுத்தி, அறை துப்புரவு செய்கிறவர்களுக்கு எவ்வளவு காசு வைத்தால் மரியாதை என்று கேட்டார். கேட்டது நல்ல மனதோடு. நானும் நல்ல மனதோடு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஒன்றும் வைக்கவேண்டாம், எங்கள் சம்பளத்தைக் கூட்டச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுதுங்கள் என்றேன்.

அவர் எழுதினார். நிர்வாகத்துக்கு எழுதாமல், உலகமே பார்க்கும் இணையத்தில் எழுதினார். கடல் அழகு, மீன் குழம்பு பிரமாதம், தொழிலாளர் சுரண்டப்படுகிறார்கள் என்று. மனேஜர் என்னைக் கூப்பிட்டு எதிரே நிற்க வைத்து, கைத்தொலைபேசியில் அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு கதிரையில் சாய்ந்தார்.

"குளிக்கிற சவர்க்காரம் நாறுதெண்டு எழுதியிருந்தாலும் நான் தாங்கியிருப்பன், ஐயா."

பிஸ்கட் தகரம்

இந்தத் தொழிலின் அநியாயம் ஒன்று உண்டு. விருந்தாளி ஒரு வாரம் தங்குவார். வாரம் முழுக்க ஒருவன் துடைப்பான். போகிற நாளில்தான் அவர் தலையணையில் காசு வைப்பார். அன்றைக்கு அந்த அறை யாருக்குக் கிடைக்கிறதோ அவனுக்கே அது. விருந்தாளி புறப்படும் அறைகளை அந்தோனி தனக்குப் பிடித்தவர்களுக்குக் கொடுத்தார். லொண்டரியில் விரிப்புத் தோய்க்கும் பெண்களுக்கு எந்த நாளிலும் ஒன்றும் இல்லை.

நான் லொண்டரிக்குப் பின்னால் கூட்டம் போட்டேன். யார் எடுத்தாலும் ஒரு பொதுத் தகரத்தில் போடவேண்டும், மாத முடிவில் எல்லோருக்கும் சம பங்கு. முணுமுணுத்தார்கள். நசீர்தான் முதலில் கையை உயர்த்தினான். அவன் உயர்த்தியதால் மற்றவர்களும் உயர்த்தினார்கள். பிஸ்கட் தகரத்தின் மூடியில் கத்தியால் கீறி வாய் வைத்தோம். எத்தாளையில் இருந்து வரும் மேரி அக்கா, லொண்டரியில் எல்லோருக்கும் மூத்தவர், அதைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தார்.

"எங்கட கைக்குச் சந்தோசம் வாறதுக்கு, தம்பி, வெள்ளைக்காரன் வரயில்ல, நீங்கதான் வரவேண்டியிருந்திருக்கு."

நாற்பது ஆண்டுப் போராட்டத்தில் நான் முழுதாக வென்றது அந்தத் தகரம் ஒன்றைத்தான். ஒவ்வொரு பகுதியையும் அடுத்தவர் பேச்சோடு முடித்துவந்தவன், இங்கே மட்டும் மேரி அக்காவின் வார்த்தைக்குப் பிறகும் ஒரு வரி போட்டுவிட்டேன். பெருமை, வேறென்ன.

ஜும்ஆ நாள்

ஜெர்மன்கார அம்மா ஒருவர் தனியாக வந்து தங்கினார். வயதானவர். வந்த மறுநாளே காய்ச்சல். நசீர் நாளுக்கு இரண்டு தடவை விரிப்பு மாற்றினான். வேலை முடிந்து வீட்டுக்குப் போய், உம்மாவிடம் சொல்லிக் கொத்தமல்லி அவித்து, போத்தலில் ஊற்றி, சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தான். யாரும் சொல்லிச் செய்த வேலை இல்லை. ஜன்னல் திரையைக் காற்று அடிக்காமல் கதிரையை வைத்து மறித்துவிட்டு வருவான்.

அவர் புறப்பட்டது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். நசீர் ஜும்ஆ தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிருந்தான். வாகனம் காத்து நின்றது. அவர் என்னைத் தேடி வந்து ஒரு உறையைக் கையில் வைத்து, "நசீரிடம் கொடுங்கள். என் சொந்த மகன்கூட என்னை இப்படிப் பார்த்ததில்லை என்று சொல்லுங்கள்" என்றார். நான் தலையாட்டினேன். உறை தகரத்துக்குள் போனது. சட்டம் செய்தவனே சட்டத்தை உடைக்கலாமா? அவர் சொல்லச் சொன்ன வார்த்தையை நான் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை, நசீரிடம் சொல்லவும் இல்லை. நன்றி வயிற்றை நிரப்பாது என்று எத்தனையோ மேடைகளில் பேசியவன் நான்.

அந்த அம்மாவை ஏற்றிப்போன டிரைவர் மூலமாக இரண்டு நாளில் நசீருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. காசுக்காகச் சண்டை வரும் என்று நினைத்து, பொது நியாயம் பற்றிப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவன் குரலை உயர்த்தவே இல்லை.

"சல்லியத் தகரத்தில போட்டது சரி அண்ணன், நானும் கை தூக்கினவன்தானே, அந்த மனுசி சொன்ன கதையையும் ஏன் தகரத்தில போட்டீங்க?"

ஒருவன் விரிக்கும் கட்டில்

மறுவாரம் அவன் அந்தோனியிடம் கேட்டு வேறு ஆளோடு சேர்ந்துகொண்டான். விடுதியிலும் கட்டிலை மாற்றிக்கொண்டான். எனக்கு ஜோடி கிடைக்கவில்லை. இந்தக் கிழவனின் பேச்சைக் கேட்டுக்கொண்டு யார் வேலை செய்வது? ஒரு பக்க மூலையைச் செருகிவிட்டு, கட்டிலைச் சுற்றி நடந்து மறுபக்கம் போனால், முதல் பக்கம் கழன்றிருக்கும். திரும்பி நடக்கவேண்டும். சாப்பாட்டு மேசையில் நான் உட்கார்ந்தால் மற்றவர்கள் பாணையும் பருப்பையும் எடுத்துக்கொண்டு வெளியே காற்றுக்குப் போனார்கள். நசீர் யாரையும் தூண்டவில்லை. தூண்டியிருந்தால் அவனோடு வாதாடியாவது இருப்பேன்.

தகரமும் தேய்ந்தது. விருந்தாளி கையில் தருவது சட்டைப்பைக்குப் போனது. மாத முடிவில் திறந்தபோது உள்ளே இருந்ததில் பெரும்பகுதி நான் போட்டது. மறுபடி கூட்டம் போட்டார்கள். இந்தமுறை என்னைக் கேட்காமல். தகரம் வேண்டாம் என்று முடிவானது. நசீர் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. தகரத்தை என்னிடம் கொண்டுவந்து தந்தது மேரி அக்கா.

"தகரத்தில பிழை இல்ல தம்பி, அதைப் பாக்கிற நேரமெல்லாம் உங்கட முகம் வருது, அதுதான் ஆக்களுக்கு ஏலாம போச்சு."

வாசலில்

நசீருக்குக் கட்டாரில் வேலை கிடைத்தது. அங்கேயும் ஹோட்டல், அங்கேயும் கட்டில் விரிப்புத்தான். கடைசி நாள் மத்தியானம் எல்லோரும் சமையலறை வாசலில் நின்று பிளேன்டீ குடித்தபடி அவனை வழியனுப்பினார்கள். நான் சற்றுத் தள்ளி நின்றேன். அவன் எல்லோரிடமும் கைகொடுத்துக்கொண்டு வந்தான். என் முறை வந்தால் கைகொடுப்பானா, கடந்து போவானா என்று தெரியவில்லை. கடந்து போனால் அதற்குப் பிறகு எனக்குக் கேட்க நியாயமில்லை, சொல்ல ஆளுமில்லை.

உப்பளத்து வாசலில் பேசிய அதே குரலில் நான் பேசினேன். எனக்குத் தெரிந்தது அந்த ஒரு குரல்தான். "தோழர்களே, காய்ச்சலோடு கிடந்த ஜெர்மன் அம்மா போகும்போது என்னிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். என் சொந்த மகன்கூட என்னை நசீர் பார்த்தது போலப் பார்த்ததில்லை, அவனிடம் சொல்லுங்கள் என்று சொன்னார். நான் சொல்லவில்லை. இப்போது எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்."  யாரோ கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அந்தோனிகூடக் கடற்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

நசீர் பையைத் தோளில் மாற்றிப் போட்டான். கிட்ட வந்து என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்தான்.

"அந்த மனுசி அண்டைக்கே ஊருக்குப் போய்ச் சேந்துட்டா அண்ணன், நீங்கதான் இப்ப வந்து சேந்தீங்க."

தலையணையில் வைப்பதா, தகரத்தில் போடுவதா என்று நான் வாதாடித் தீர்த்த அத்தனை கூட்டங்களிலும், செய்தவனிடம் நல்லா செய்தாய் என்று சொல்வதை ஒருநாளும் நிகழ்ச்சிநிரலில் சேர்க்க எவருக்கும், குறிப்பாகத் தலைமை தாங்கிய எனக்கு, தோன்றவில்லை, தோழர்களே.