பெரியம்மாவின் இடது பொத்தான்

1. காலை ஒன்பது மணிக்குப் பெரியம்மா, சீயக்காய் போட்டு அலசிய தலையோடு உத்தமபாளையம் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.
2. எண்ணெய் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அதற்காகப் பஸ்ஸில் வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாராம்.
3. அவர் தலையில் எட்டு இடங்களில் பசை தடவிக் கம்பிகளை ஒட்டினேன்.
4. நூற்றிருபது ஸ்லைடுகளைத் திரையில் காட்டினேன்.
5. அவற்றில் பன்னிரண்டு, மாட்டுப் படங்கள். பன்னிரண்டுக்கும் தவறான பொத்தானை அமுக்கினார்.

ஒரு படத்தைப் பார்த்து அது என்ன வகை என்று முடிவு செய்யும்போது மூளையின் மின் அலை எப்படி மாறுகிறது என்பதுதான் என் ஆய்வு. மிருகம் என்றால் வலது பொத்தான், இல்லையென்றால் இடது. நாற்காலி, யானை, குடை, நரி என்று படங்கள் கலந்து வரும். பத்துப் பேரின் பதிவு தேவை. கல்லூரியில் வேலை பார்க்கும் ஒன்பது பேர் முடிந்திருந்தார்கள். பத்தாவதாக வரவேண்டிய நூலகர் காய்ச்சலில் படுத்துவிட்டதால் பெரியம்மாவைக் கூப்பிட்டேன். மதுரையிலிருந்து இரவல் வந்த கருவி அன்று மாலையே திரும்பியாக வேண்டும். பத்துக்கு மேல் தவறினால் பதிவு செல்லாது. நானே எழுதி வைத்த விதி.

"பெரியம்மா, மாடு மிருகம் இல்லையா?"

"நரி மிருகம். ஆனெ மிருகம். மாடு எப்படித்தா மிருகமாகும்? தம்பிரான் மாட்டெப் போயி மிருகம்னு அமுக்கச் சொல்றியே, நல்லாருக்கா?"

கோயிலுக்கு விட்ட காளையை எங்கள் பக்கம் தம்பிரான் மாடு என்போம். அதை ஏரில் பூட்டுவதில்லை. கை நீட்டி அடிப்பதுமில்லை.

"நாயிக்கு மட்டும் வலது பக்கம் அமுக்குனீகளே?"

"அது கடிக்கும்ல."

கருவியோடு வந்த ஆபரேட்டர் என் பக்கம் குனிந்தார். "மாடு வந்தா வலதுன்னு சொல்லிட்டு மறுபடி ஓட்டிருவோம் மேடம். அம்மா கேக்க மாட்டாகளா?"

அது பெரியம்மா காதில் விழுந்துவிட்டது. "இது சரியா வரலேன்னா ஒனக்கு என்னாகும்?"

"பட்டம் தள்ளிப் போகும்."

"அப்ப அமுக்குறேன். மாடுக கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிர்றேன்."

விரலை வலது பொத்தான்மேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படியே ஓட்டியிருந்தால் பத்துப் பேர் ஆகியிருப்பார்கள். ஆனால் அவர் அமுக்குவது என் சொல்லுக்காக இருக்கும், படத்தைப் பார்த்து எடுத்த முடிவாக இருக்காது. அந்த அலை எனக்கு உதவாது. கம்பிகளைக் கழற்றத் தொடங்கினேன்.

"ஏத்தா, நான் கெடுத்துட்டேனா?"

"இல்லெ பெரியம்மா. நான்தான் சரியாக் கேக்கலெ."

வெந்நீரில் துணியை நனைத்து, பசை ஒட்டிய முடியைத் துடைத்துவிட்டேன். முடியும்வரை, கன்று போடப்போகும் பசுவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

பிறகு, பெரியம்மாவின் மூளைக்கும் மாடு மிருகம் இல்லைதானா என்று அறிய, மாட்டுப் படங்களின் அலைகளை மட்டும் தனியே கூட்டிச் சராசரி பார்த்தேன். பன்னிரண்டு படங்களை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. என் ஆய்வேட்டில் இப்போது ஒன்பது பேர் இருக்கிறார்கள். கருவிக்கு மறுபடி எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.