‘தெரியாது’ என்று எழுதியதற்கு விழுந்த பிரம்படிகள்

சண்டைக்கலைகளைப் பற்றி எழுதும் தொழிலில், சண்டை பிடிக்கிறவரைவிட எழுதுகிறவளுக்குத்தான் அடி அதிகம். வரலாறு எழுதப்போய் நாலு பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட சக பாவிகளே, இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லி அழுவேன்?

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் போயிருந்தன. மொன்றியலில் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் கோத்-டெ-நேஜில் ஒரு தேவாலயத்தின் நிலவறை மண்டபத்தில் ஆர்னிஸ் பழகினேன். பிலிப்பைன்ஸ்காரர்களின் பிரம்புச் சண்டை அது. பிரெஞ்சில் வரும் ஒரு சண்டைக்கலைச் சஞ்சிகை அதன் வரலாற்றை எழுதித் தரச் சொன்னது. அச்சில் வரப்போகும் என் முதல் கட்டுரை. அதில் ஒரு வசனத்தை உயிரைக் கொடுத்து எழுதினேன்: “இந்தக் கலை முதலில் எங்கே, யாரால் தொடங்கியது என்று இன்று எவருக்கும் தெரியாது.” இந்த வசனம் இல்லாவிட்டால் என் பெயரும் வேண்டாம் என்று எனக்குள் சபதம் எடுத்தேன். அன்றிலிருந்து தொடங்கியது என் கஷ்டகாலம்.

பிரம்போடு பேட்டி

என் ஆசிரியர் பெயர் ரெனே. வகுப்பில் எல்லாரும் ‘கூயா’ என்போம். அவர்கள் மொழியில் அது அண்ணை. அவரும் வகுப்பில் மற்றவர்களும் கதைப்பது ஆங்கிலம்தான், ஆனால் என் காதில் எப்போதும் யாழ்ப்பாணத் தமிழாகவே விழும். உட்கார்ந்து பேட்டி கொடுக்கக் கூயாவுக்கு வராது. “கேள்வி கேக்கிறதெண்டால் பிரம்பைப் பிடிச்சுக்கொண்டு கேள்” என்பார். ஒரு கேள்விக்கு ஓர் அடி. தடுத்தால் பதில், தடுக்காவிட்டால் வீக்கம்.

தங்கள் முன்னோர், நாட்டை ஆண்ட ஸ்பானியரின் கண்ணில் படாமல் இந்தக் கலையைக் கூத்துக்குள்ளே ஒளித்துக் காப்பாற்றினார்கள் என்று ஒரு சனிக்கிழமை அவர் சொன்னார். “அப்ப ஏன் கூயா அடிகளை உனோ, தோஸ், திரேஸ் எண்டு ஸ்பானிய மொழியில எண்ணுறம்?” என்றேன். “அடிவாங்கிறவனுக்குக் கணக்கு விளங்க வேண்டாமோ?” என்றார். சரி, ஒளித்ததற்காவது ஏதாவது ஆதாரம் உண்டா என்றேன். பிரம்பை இறக்கிவிட்டு, வரலாற்றுத் துறை முழுவதையும் பார்த்துப் பரிதாபப்படுகிற மாதிரி என்னைப் பார்த்தார்.

“பிள்ளை, ஆதாரம் இருந்தால் அது என்ன இரகசியம்?”

ஆற்றுக்கு அக்கரையில்

சஞ்சிகை அலுவலகம் லொங்கேயில். மஞ்சள் பாதை மெத்ரோவில் ஆற்றைக் கடந்து போனேன். சஞ்சிகை ஆசிரியர் லூக், நல்ல மனிதர், நன்றாகச் சிரிப்பார். என் வசனத்தின் கீழே சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தார். இதற்குப் பதிலாக ‘பத்தாயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த’ என்று போடலாமே என்றார். பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்றேன். போன இதழில் இன்னொரு கலைக்கு எட்டாயிரம் போட்டுவிட்டார்களாம்.

விடுவேனா? சான்று என்றால் என்ன, வாய்வழிக் கதை என்றால் என்ன, இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அவருடைய கோப்பி ஆறும்வரை விளங்கப்படுத்தினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

“மத்முவசெல், எங்கள் வாசகர்கள் சண்டை பிடிக்கிறவர்கள்; சந்தேகப்படுகிறவர்கள் அல்ல.”

மாதாவுக்கு முன்னால் படப்பிடிப்பு

வசனத்தைப் பற்றி ‘யோசிக்கிறேன்’ என்ற லூக், கமெராவோடு எங்கள் மண்டபத்துக்கு வந்தார். அடுக்கிய பிங்கோ மேசைகளையும் கூயா போட்டிருந்த ஹொக்கி ஜேர்சியையும் கண்டதும் அவருடைய முகம் விழுந்துவிட்டது. ஜேர்சியைக் கழற்றச் சொன்னார். பைக்குள்ளிருந்து ஒரு சிவப்புத் துணியை எடுத்துக் கூயாவின் நெற்றியில் கட்டினார். கூயா வாழ்க்கையில் நெற்றியில் துணி கட்டியதை நான் கண்டதில்லை. ஆனால் கமெராவைக் கண்டதும் மனிசன் பிறந்ததிலிருந்தே கட்டியிருந்தவர் மாதிரி நின்றார். முறைக்கச் சொன்னால் முறைத்தார். பின்னால் சுவரோரம் சிலையாக நின்ற மாதா மட்டும் ஒரு ஒத்துழைப்பும் தராமல் புன்னகைத்துக்கொண்டிருந்தா.

எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் பிலிப்பைன்ஸ் பெண்கள். கிழமை நாட்களில் ஊரார் பிள்ளைகளையும் ஊரார் பெற்றோரையும் பராமரிக்கிறவர்கள். அவர்களில் மூத்தவர் மரித்தெஸ் அக்கா. அவருடைய அடியைத் தாங்கக் கூயாவே யோசிப்பார். லூக் அவரிடமும் என்னிடமும், “நீங்கள் இரண்டு பேரும் போர்வீரருக்குப் பிரம்பு எடுத்துக் கொடுப்பதுபோல் நிற்கலாமே?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திவிட்டா.

“அந்தக் கமெராவைக் கீழ வைச்சிட்டு ஒருக்கா என்ர முன்னால வாரும் தம்பி. ஆர் போர்வீரர் எண்டு பேந்து கதைப்பம்.”

வீட்டு விசாரணை

அன்றிரவு வில்லரேயில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லூக்கைப் பற்றி அப்பாவோடு வாதாடினேன். சரித்திரம் என்றால் என்ன என்பதைப் பற்றித் தம்பியோடு. கையிலிருந்த வீக்கத்தைப் பற்றி அம்மாவோடு. அம்மா புட்டைப் போட்டுக்கொண்டே ஒரே வரியில் வழக்கை முடித்துவிட்டா.

“சண்டை பிடிக்க ஏனடி வகுப்புக்குப் போறாய்? வீட்டில போதாதே?”

சோழர் ஏற்றிய கம்பு

அடுத்த ஞாயிறு டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலில் அன்னதானம். அப்பாவுக்குத் தெரிந்த மாஸ்டர் ஒருவர், ஊரில் பள்ளிக்கூடத்தில் பிரம்போடு நின்றே ஓய்வு பெற்றவர், இங்கே சங்கத்துக்கு ஆண்டு மலர் போடுகிறவர், சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் என்னை மடக்கினார். “பிள்ளை பிலிப்பைன்ஸ்காரற்றை கம்படியைப் பற்றி எழுதுறாவாம். அது எங்கட சிலம்பம் எண்டு போட்டிட்டீரே?”

இல்லை என்றேன். கையில் ஒரு தடி கிடைத்தால் உலகத்தில் எந்த மனிதனுக்கும் அடிக்கத் தோன்றும், அதற்குத் தமிழரிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை என்றேன். வரிசை நின்றுவிட்டது. சோழர் கப்பல் அந்தப் பக்கம் போனது தெரியாதா என்றார். கப்பல் போனால் கம்பும் போனதென்று எப்படிச் சொல்வீர்கள் என்றேன். அம்மா பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தா. மாஸ்டர் அசையவில்லை.

“சோழன் கப்பலில கம்பு ஏத்தேல்லை எண்டதுக்கு உம்மட்ட ஆதாரம் இருக்கோ?”

அட்டை

எல்லார் மேலும் இருந்த கோபத்தையும் சுமந்துகொண்டு லூக்குக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்: வசனத்தை வெட்டினால் என் பெயரையும் வெட்டுங்கள். பதில் வரவில்லை. சஞ்சிகை வெளிவந்த அன்று எங்கள் தெரு முனைத் தெப்பனேருக்கு, அதாவது பெட்டிக்கடைக்கு, ஓடினேன். உள்ளே என் கட்டுரை, என் பெயர், என் வசனம், ஒரு புள்ளி குறையாமல் இருந்தன. வென்றுவிட்டேன் என்று நினைத்துச் சஞ்சிகையை மூடினேன். அட்டையில் சிவப்புத் துணியோடு கூயா முறைத்துக்கொண்டிருந்தார். அவருடைய நெஞ்சுக்குக் குறுக்கே மஞ்சள் எழுத்தில்: ‘எங்கே தொடங்கியது என்று எவருக்கும் தெரியாத மர்மக் கலை!’

நின்ற இடத்திலேயே லூக்கைத் தொலைபேசியில் பிடித்துக் கத்தினேன். அவர் உண்மையாகவே திகைத்துப்போனார்.

“ஆனால் மத்முவசெல், நீங்கள் காப்பாற்றச் சொன்ன வசனத்தைத்தானே அட்டையில் போட்டேன்!”

மிச்ச அடிகள்

அந்தச் சனிக்கிழமை நிலவறைப் படிக்கட்டு முழுவதும் புதுச் சப்பாத்துகள். மர்மம் அறிய வந்த வெள்ளைக்காரப் பொடியள் வரிசையில் நின்றார்கள். அவர்களை முதல் அடியிலேயே உட்கார வைத்துக்கொண்டிருந்தா மரித்தெஸ் அக்கா. எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அது. கூயா நெற்றியில் சிவப்புத் துணி. லூக் அதைத் திருப்பி வாங்கவில்லையாம். என்னைக் கண்டதும் தோளில் தட்டினார். “தெரியாது எண்டு நீ எழுதினது நல்லதாப் போச்சு. இப்ப எல்லாரும் என்னட்டக் கேக்க வருகினம்.”

வீட்டுக்குப் போனால் அங்கே மாஸ்டர், மடியில் சஞ்சிகை. ஆண்டு மலரில் சிலம்பக் கதையை எழுத எல்லாம் ஆயத்தமாம். எந்த ஆதாரத்தில் என்று கேட்டேன். என் வசனத்தில் விரலை வைத்தார்.

“அவைக்கே தெரியாதெண்டால், பேந்தென்ன, எங்கடதான்!”

நான் எழுதிய ஒரே ஒரு ‘தெரியாது’வை வைத்து மூன்று பேர் மூன்று சரித்திரம் கட்டிவிட்டார்கள் என்பதால், இனி நான் துணிந்து பொய்தான் எழுதப்போகிறேன், அதையாவது யாராவது ஒருவர் சந்தேகப்படமாட்டாரா?