ரத்னாபாய் டீச்சரின் பதினைந்தாவது கேள்வி

"குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் தாங்க" என்று கேட்டுவிட்டு ரத்னாபாய் டீச்சர் வாசற்படியிலேயே நின்றுகொள்வார். அந்த அரை நிமிடத்தில் அவருக்கு வீடு முழுக்கத் தெரிந்துவிடும். யார் எழுந்திருக்கிறார்கள், யாரை 'நீ இரு' என்று மற்றவர்கள் உட்கார வைக்கிறார்கள், கூப்பிட்டும் திரும்பாமல் இருப்பது யார். டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்து, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து நீளமான படிவத்தை எடுப்பார். "இனி சொல்லுங்க. வீட்டுல எத்தனை பேரு?"

2001 பிப்ரவரி, மக்கள் தொகைக் கணக்கெடுப்பு. பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் அறுபத்தெட்டு வீடுகள் அவர் பொறுப்பில் இருந்தன. நாளைக்கு ஏழெட்டு டம்ளர் தண்ணீர். தோட்டத்தில் தாழ்ப்பாள் சரியாக விழும் கக்கூஸ்கள் எங்கெங்கே உள்ளன என்பதும் அந்த மாதம் அவர் எடுத்த கணக்குதான். அதை அரசாங்கம் கேட்கவில்லை.

டீச்சருக்குச் சொந்த ஊர் பாறசாலை. அப்போது நாற்பத்தாறு வயது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிரிவுக்குப் பாடம் சொல்லித் தந்தார். வித்துராவில் வாடகை வீடு, காலையில் முதல் பஸ். கல்லாறு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் அவர் உதடுகள் அசைய ஆரம்பிக்கும். புதிதாகப் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஜெபம் என்று நினைத்து ஒதுங்கி இடம் கொடுப்பார்கள். அவர் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டிருப்பார். இருபத்திரண்டு. பதினேழு வருஷமாக இருபத்திரண்டுதான். "எண்ணாம விட்டா ஒண்ணு கொறஞ்சு போவுமோன்னு ஒரு தோணலாக்கும்" என்பார். வகுப்புப் பிள்ளைகளைக் காலையில் ஒருமுறையும் மத்தியானக் கஞ்சிக்குப் பிறகு ஒருமுறையும் எண்ணுவார். வீட்டுக் கோழிகளுக்கும் அதே முறைதான்.

கணக்கெடுப்பில் அவருக்குப் பிடித்த வேலை எண்ணுவது. பிடிக்காமல் போனது பதினைந்தாவது கேள்வி. வீட்டில் யாருக்காவது குறைபாடு உண்டா, உண்டென்றால் அதற்கான எண் என்ன. நெடுமங்காட்டில் நடந்த பயிற்சி வகுப்பில் எண்களைச் சொல்லிக் கொடுத்தார்கள். கண் ஒன்று, பேச்சு இரண்டு, காது மூன்று, நடமாட்டம் நான்கு, மனம் ஐந்து. டீச்சர் அதை மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு போல ராகம் போட்டு மனப்பாடம் செய்துகொண்டார். முதல் இரண்டு நாளில் பத்தொன்பது வீடு முடித்தார். அந்த ராகத்துக்கு வேலையே வரவில்லை. பத்தொன்பது வீட்டிலும் ஒரே பதில். "எங்க வீட்ல அப்படி யாரும் இல்ல டீச்சரே."

தவறு அவருடையதுதான். வழி காட்டுவதற்கென்று தோட்டம் அனுப்பிய கங்காணி வன்னியராஜைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். லயத்து வீடு தோட்டத்தின் வீடு. வேலை இருக்கும்வரைதான் வீடு. முந்தின வருஷம் கீழ் லயத்தில் ஒரு பெண்ணுக்குக் கண் மங்கிவிட்டது என்று வன்னியராஜ் ஆபீசில் சொல்ல, வேலைக்குத் தகுதியில்லை என்று ஒரு காகிதம் வந்தது. மாதம் முடிவதற்குள் அவள் சட்டி பானையோடு பஸ் ஏறினாள். அவளைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள்தான் இந்த அறுபத்தெட்டு வீட்டுக்காரர்கள்.

இது டீச்சருக்கு விளங்க இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் காலை வன்னியராஜிடம், வீட்டுக் கதவுகளில் எழுதிய எண்கள் அழிந்திருக்கின்றனவா என்று முன்னால் போய்ப் பார்த்து வைக்க வேண்டும், அது பொறுப்பான ஆள் செய்கிற சர்க்கார் வேலை என்றார். கங்காணி சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு கிளம்பினார். அன்று முதல் அவர் எப்போதும் நாலு வீடு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தார். டீச்சர் பழைய பத்தொன்பது வீட்டுக்கும் திரும்பப் போய்த் தண்ணீர் கேட்டார்.

எழுதச் சொல்லித் தானாகவே டீச்சரைத் தேடி வந்தது ஒருவர்தான். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் சொரிமுத்து. இயந்திரத்தில் சிக்கி அவருக்கு வலது கையில் இரண்டு விரல் போயிருந்தது. கையை விரித்துப் படிவத்துக்கு மேலேயே நீட்டினார். ஒன்றிரண்டு விரல் போனால் கணக்கில் சேராது, பெருவிரல் போயிருந்தால் சேரும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னதை டீச்சர் சங்கடத்தோடு சொன்னார். சொரிமுத்து கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப மெஷினு தப்பான விரலைல்லா எடுத்திருக்கு. முன்னமே சொல்லியிருந்தா பெருவிரலை நீட்டியிருப்பேன் டீச்சரே."

பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை வைத்திருக்கும் மைதீனுக்கு வேறு சிக்கல். சின்ன வயதிலேயே ஒரு கால் சூம்பிவிட்டது, நாற்பதுக்குப் பிறகு காதும் போய்விட்டது. ஒரு ஆளுக்கு ஒரு எண்தான் எழுத முடியும், எதை எழுதுவது என்று அந்த ஆளே சொல்லலாம். டீச்சர் இதை அவர் காதருகே மூன்று முறை கத்திச் சொன்னார். கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மைதீன் ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "காலு மூத்தது. காது இளையது. மூத்ததை எழுதுங்க. இளையது பொறுத்துக்கிடும்."

கொழுந்து எடுக்கிற மங்கலத்தின் மகளுக்கு இருபத்தாறு வயது. தண்ணீர் கேட்டபோது முதலில் ஓடி வந்தது அவள்தான். வெறும் டம்ளரைக் கொண்டுவந்து நீட்டி, டீச்சர் குடிக்கும்வரை காத்திருந்தாள். டீச்சர் வெறும் டம்ளரையே அண்ணாந்து குடித்தார். மங்கலம் மகளை உள்ளே அனுப்பிவிட்டு, அவளுக்கு ஒன்றும் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகச் சிரிக்கிறாள், எதையாவது எழுதிவைத்தால் பின்னே யார் பெண் கேட்டு வருவார்கள் என்றாள். "இந்தப் பேப்பர் பொண்ணு பாக்குத எடத்துக்கொண்ணும் வராது கேட்டோ" என்றார் டீச்சர். மங்கலம் சிரித்தாள். சிரித்து முடித்ததும் மகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். ஐந்து என்று எழுத அரை மணி நேரம் ஆயிற்று.

மூன்று வருஷம் கழித்து நாடு முழுவதற்குமான கணக்கு வந்தது. குறைபாடு உள்ளவர்கள் இரண்டு கோடிக்கு மேல், அதில் ஏறக்குறைய பாதி கண். டீச்சர் அந்தச் செய்தியைப் பத்திரிகையிலிருந்து வெட்டிப் பைபிளுக்குள் வைத்திருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுவார். "இதுல கொஞ்சம் நான் சொமந்து கொண்டு கொடுத்ததாக்கும்." இரண்டு கோடியில் அது எந்த மூலைக்கு என்று யாராவது சிரித்தால் அவருக்குக் கோபம் வரும். வளைவில் ஒன்றைக் குறைத்து எண்ணியவரைப் பார்ப்பது போலப் பார்ப்பார்.

ஆவுடைத்தாயின் வீடு மேல் லயத்தில் கடைசி. ஐம்பத்து நாலு வயது, கொழுந்து எடுக்கிற வேலை. கணவன் இல்லை. மகன் திருவனந்தபுரத்தில் ஓட்டல் வேலைக்குப் போய், வருஷத்துக்கு ஒருமுறை வருகிறான். அந்தப் பிப்ரவரியில் டீச்சர் தண்ணீர் கேட்டதும் அவள் தடுமாறவில்லை. நேராகப் பானைக்குப் போனாள், நேராகத் திரும்பி வந்தாள். மொண்டு ஊற்றும்போது மட்டும் ஆள்காட்டி விரலை டம்ளருக்குள் விட்டிருந்தாள். தண்ணீர் விரல் நுனியைத் தொட்டதும் நிறுத்தினாள். டீச்சர் அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு மீதி வைக்காமல் குடித்தார்.

பதினைந்தாவது கேள்விக்கு ஆவுடைத்தாயின் பதில், இல்லை. டீச்சர் மறுபடியும் கேட்டார். "எனக்கு என்ன டீச்சரே? கொழுந்து எடுக்க வெரல் போதும். துளிரு எது, முத்தல் எதுன்னு வெரலுக்குத் தெரியும்." பேசும்போது அவள் முகம் டீச்சரின் தோளுக்குச் சற்று வெளியே திரும்பியிருந்தது. இந்தக் காகிதம் சாக்கில் கட்டி நெடுமங்காடு போகும், தோட்டத்து ஆபீசுக்கு இதன் வாசம்கூடப் போகாது என்று டீச்சர் சொல்லிப் பார்த்தார். "பேப்பரு போவாது. பேச்சு போவும்லா" என்றாள் ஆவுடைத்தாய். "இன்னும் நாலு வருஷம் டீச்சரே. ஐம்பத்தெட்டு ஆயிட்டுன்னா பணத்தை வாங்கிட்டு நானே எறங்கிருவேன். அதுவரைக்கும் எனக்குக் கண்ணு நல்லாருக்கு."

சொல்வதை எழுத வேண்டும் என்பது விதி. இல்லை என்று எழுத டீச்சருக்குக் கை வரவில்லை. கண்ணுக்கு உரிய ஒன்றை எழுதவும் வரவில்லை. பேனாவில் மை தீர்ந்துவிட்டது, இரண்டாம் சுற்றுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி எழுந்தார். அறுபத்தெட்டு வீட்டில் முடிக்காமல் விட்ட கட்டம் அது ஒன்றுதான். அன்று மலை இறங்கும்போது வளைவு எண்ணிக்கை பதினாலில் தவறிவிட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி கடைசியில் வன்னியராஜ் டீச்சரை வழியில் நிறுத்தி, உடம்பில் கோளாறு என்று எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள், யார் யார் என்று கேட்டு வரும்படி மானேஜர் சொன்னார் என்றார். சும்மா தெரிந்துகொள்ளத்தான், மருந்து ஏதாவது கொடுக்கலாம் அல்லவா. டீச்சர் பையை அந்தத் தோளிலிருந்து இந்தத் தோளுக்கு மாற்றினார். "வன்னியராஜ், இதைச் சொன்னா என்னைப் பிடிச்சு உள்ள போடுவாங்க. கேட்டதுக்கு உங்களையும் போடுவாங்க. ரெண்டு பேரும் ஒரே ஜெயில்ல கெடக்கணுமா?" இரண்டாவது பாதி அவராகச் சேர்த்துக்கொண்டது. கங்காணி சிரித்தார். ஆனால் மார்ச் மாதம் இரண்டாம் சுற்று வந்தபோது அவர் கதவு எண் பார்க்கப் போகவில்லை. ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் வெற்றிலை மென்றுகொண்டு நின்றார்.

இரண்டாம் சுற்றில் கேள்விகள் குறைவு. நடுவில் யாராவது பிறந்தார்களா, இறந்தார்களா. ஆவுடைத்தாயின் வீட்டில் அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "ஒத்தக்கட்டை. கூடுறதுக்கும் இல்ல, கொறையுறதுக்கும் இல்ல" என்றாள். டீச்சர் முக்காலியில் உட்கார்ந்து படிவத்தை மடியில் விரித்தார். காலிக் கட்டத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தார். வெளியே குழாயடியில் வன்னியராஜ் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார்.

ஆவுடைத்தாய்தான் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "என்னைப் போல எத்தனை பேரு ஆச்சு டீச்சரே?"

பெயரைச் சொல்லக் கூடாது என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். எண்ணிக்கையைப் பற்றி யாரும் ஒன்றும் சொன்னதாக டீச்சருக்கு நினைவில்லை.

"பதினொண்ணு."

"இந்த லயத்துலயா?"

"மேலயும் கீழயுமா, எல்லாத்துலயும்."

ஆவுடைத்தாய் விரல்களை மடக்கினாள். நாலு விரல் மடங்கியது. ஐந்தாவது விரல் நிமிர்ந்தபடியே நின்றது. "எனக்கு நாலு பேரைத்தான் தெரியும். பாக்கி ஏழு பேரும் இங்கதான இருக்காங்க?"

"இங்கதான் இருக்காங்க அக்கா."

"அவங்களுக்கும் வீடு இருக்கு."

"இருக்கு."

"கங்காணியும் இருக்காரு."

"ஆமா."

"எல்லாரும் சொல்லிட்டாங்க, அல்லே?"

"சொன்னாங்க."

ஆவுடைத்தாய் முந்தானையால் முழங்கையைத் துடைத்தாள். அங்கே துடைக்க ஒன்றும் இல்லை. பிறகு, "பன்னெண்டாக்குங்க" என்றாள்.

டீச்சர் பேனாவின் மூடியைத் திருகினார். குழாயடிச் சத்தம் நின்றிருந்தது. ஜன்னலில் வன்னியராஜின் தலை தெரிந்தது. ஒற்றை ஆளுக்கு இவ்வளவு நேரம் என்னதான் எழுத இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே அவர் கம்பிக்குள் முகத்தை வைத்தார்.

டீச்சர் சேலைத் தலைப்பை இழுத்து மடியில் இருந்த படிவத்தின் மேல் விட்டுக்கொண்டார். முகத்தை நிமிர்த்தி, பன்னிரண்டரை பஸ் மேலே வந்துவிட்டதா, இன்று டிரைவர் யார் என்று வன்னியராஜைக் கேட்டார். அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை டீச்சர் அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைப்புக்கு அடியில் அவருடைய இடது கை விரல் காகிதத்தின் ஓரத்தைத் தொட்டு, ஒவ்வொரு கட்டமாக எண்ணித் தடவி நகர்ந்து, காலிக் கட்டத்தில் நின்றது. வலது கை அங்கே மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தது.