கட்டுத்தறியில் கிடந்த போர்வை

மயிலாத்தாளுக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டாள். ஊசியில் நூல் கோப்பாள். எலப்புள்ளியில் அவள் தெருக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அவள் மடியில் பழந்துணி குவிந்திருந்தால், யாரோ வாயைக் கொடுத்து மாட்டியிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு, வந்த காரியத்தை இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டு நடையைக் கட்டுவார்கள். அப்படிக் கோபத்தில் தைத்துத் தைத்தே ஒரு பத்தாயம் நிறைய ஒட்டுத்துணிப் போர்வைகள் சேர்ந்துவிட்டன. நெல் கொட்ட வேண்டிய பத்தாயத்தில் போர்வை கிடக்கிறதே என்று அவள் புருஷன் குப்பண்ணன் வாய் திறந்ததில்லை. திறந்தால் இன்னொரு போர்வை உருவாகும்.

அந்தப் போர்வைகளில் பாதிக்குமேல் ஒரே ஆள்மேல் கொண்ட கோபம். அந்த ஆள் செல்லாத்தாள், குப்பண்ணனின் தம்பி ஈஸ்வரமூர்த்தியின் மனைவி. பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் பொதுக்கிணறு.

செல்லாத்தாளுக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது மயிலாத்தாள் நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். தனக்கு இல்லை என்ற துக்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, பிள்ளைக்குப் போர்வை தைக்க உட்கார்ந்தாள். நன்றாக வாழ்ந்த பெண்களின் பழைய சீலையில் ஆளுக்கொரு துண்டு வாங்கி, ஒன்றாகச் சேர்த்துத் தைத்துப் போர்த்தினால் பிள்ளை திடமாக வளரும் என்று அந்தத் தெருவில் நம்பிக்கை. வீடு வீடாக ஏறி இறங்கித் துண்டு கேட்டாள். அதோடு நிற்காமல் பஸ் ஏறிக் கொழிஞ்சாம்பாறைக்குப் போய், செல்லாத்தாளின் அம்மாவிடமும் கேட்டாள். அந்த அம்மாள் கிழிசல் தேடவில்லை. திருவிழாவுக்குக் கட்டுகிற மாம்பழ நிறச் சீலையை எடுத்துக் கருநீலக் கரையோடு நறுக்கிக் கொடுத்தாள்.

"என்ற பேரனுக்கல்லோ, நல்லதாவே இருக்கட்டும் அம்மிணி" என்றாள்.

அந்தத் துண்டைத்தான் மயிலாத்தாள் நடுவில் வைத்துத் தைத்தாள். பிள்ளைக்குப் பேர் வைத்த அன்று போர்வையைக் கொடுத்தாள். செல்லாத்தாள் அதை விரித்துக்கூடப் பார்க்காமல், "நல்லாருக்குதுங்க அக்கா" என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வாரம் மயிலாத்தாள் மாட்டுக்கு ஊற்றக் கழனித்தண்ணியை எடுத்துக்கொண்டு அவர்கள் கட்டுத்தறிக்குப் போனாள். புதிதாய்ப் பிறந்த கன்றுக்குட்டி அந்தப் போர்வையின்மேல் படுத்திருந்தது. சாணியும் மூத்திரமும் ஊறிக் கிடந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் செல்லாத்தாள் தன் புருஷனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"புள்ளை பெறாதவ கைபட்டதை என்ற பையன்மேல போத்துவனா? கன்னுக்குட்டிக்காச்சும் ஆகட்டும்."

மயிலாத்தாள் தண்ணியைத் தொட்டியில் ஊற்றினாள். கன்றை நகர்த்திப் போர்வையை உருவினாள். வீட்டுக்கு வந்து துவைக்காமல் வெயிலில் காயப்போட்டு, சாக்கில் சுற்றிக் கூரைக்கடியில் பரணாக இருந்த அட்டாலியில் ஏற்றினாள். போர்வை எங்கே என்று செல்லாத்தாள் தேடவே இல்லை. காணாமல் போனது அவளுக்குத் தெரியுமா என்பதே சந்தேகம்.

சில வருஷம் கழித்துக் கொழிஞ்சாம்பாறை அம்மாள் இறந்துபோனாள். எழவுக்குப் போய்த் திரும்பிய செல்லாத்தாள் மயிலாத்தாள் தோளில் சாய்ந்து அழுதாள். அண்ணிமார்கள் சீலை அத்தனையையும் வண்ணாத்திக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்களாம். "மோந்து பாக்க ஒரு துண்டுத் துணிகூட இல்லாமப் போச்சுங்களே அக்கா" என்று தேம்பினாள். மயிலாத்தாள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அதே கையால் அன்றைக்கு அட்டாலியில் இருந்த சாக்கை இன்னும் உள்ளே தள்ளிவைத்தாள். உத்தமியின் கதையைச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

எழுபத்தாறில் ஊரில் மகிளா சமாஜம் வந்தது. செல்லாத்தாள் அதற்குப் பிரசிடண்ட். சனிக்கிழமை தோறும் பஞ்சாயத்து வாயனசாலையில், பத்திரிகை படிக்கிற மேசைகளை ஓரம் தள்ளிவிட்டுப் பெண்கள் போர்வை தைத்தார்கள். தையல் கோணலாகப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் செல்லாத்தாளே மயிலாத்தாள் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, வர்ற சனிக்கெழமை உங்க போர்வை பூராத்தையும் கொண்டாந்து காட்டோணுமுங்க. எது எப்பத் தெச்சது, ஆருக்குத் தெச்சதுன்னு நீங்களே சொன்னாத்தான் பொம்பளைங்களுக்கு ஆசை வரும்."

"எல்லாத்தையுமா கண்ணு?"

"ஒண்ணு விடாமக் கொண்டாங்க."

"செரி. ஒண்ணு விட மாட்டேன்" என்றாள் மயிலாத்தாள். அவள் இத்தனை வருஷம் காத்திருந்தது இதற்குத்தான்.

அந்த வாரம் முழுக்க அவள் கல்யாண வீட்டுக்காரி மாதிரி ஓடியாடினாள். பூந்திக்கொட்டை ஊறவைத்துப் போர்வைகளைத் துவைத்துக் கிணற்றுமேட்டில் காயப்போட்டாள். நூல் விட்ட இடங்களுக்குத் தையல் போட்டாள். ஆட்டுக்கல்லில் மாவாட்டிக்கொண்டே, சனிக்கிழமை பேச வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். செல்லாத்தாளின் பவிசு, வாய், மனசு என்று ஒவ்வொன்றாகக் கிழிக்கிற பேச்சு அது. சொல்லச் சொல்ல மாவு வெண்ணெயாய் அரைந்தது.

வெள்ளிக்கிழமை சாக்கை இறக்கிப் பிரித்தபோது குப்பண்ணன் பார்த்துவிட்டார்.

"இதென்ன இத்தனை கறை? தொவைக்கலியா?"

அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கெணறு பொதுவாக் கெடக்குது. நாளைக்குத் தண்ணிப் பங்குல தகராறு வந்தா வயலு காயுமல்லோ. தம்பி மொகத்தையாவது பாரு."

"உங்க தம்பிக்கும் அன்னிக்குக் காது கேட்டுச்சுங்க. நான் வேணும்னா நாளைக்குப் போகலை. நடந்ததை நீங்க போய்ச் சொல்லீருங்க."

குப்பண்ணன் எழுந்து வயலுக்குப் போய்விட்டார்.

தனியாக இருந்தபோது மயிலாத்தாள் போர்வையைத் தரையில் விரித்தாள். கறை நாலு பக்கமும் பரவி, நடுத்துண்டின் ஓரத்தையும் பிடித்திருந்தது. மாம்பழ நிறம் இன்னும் மங்கவில்லை. இந்த அம்மாள் என்ன பாவம் செய்தாள் என்று தோன்றியது. அந்தத் துண்டை மட்டும் பிரித்து எடுத்துவிடலாமா என்று கத்தரியை எடுத்தாள். உடனே அன்றைக்குச் சுவருக்கு அந்தப்பக்கம் கேட்ட பேச்சு காதில் ஒலித்தது. கத்தரியை ஆணியில் மாட்டினாள்.

சனிக்கிழமை வாயனசாலையில் ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டிப் போர்வைகளைத் தொங்கவிட்டாள். செல்லாத்தாள் வந்தவர்களுக்குச் சாயா கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ற மாமியா என்னையச் சோம்பேறின்னு சொன்னப்பத் தெச்சதுங்க. இது எங்கூட்டுக்காரரு என்னையக் கேக்காம எருமையை வித்தப்ப" என்று மயிலாத்தாள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைசியாகச் சாக்கைப் பிரித்து அந்தப் போர்வையை எடுத்து, ஒன்றும் சொல்லாமல் கயிற்றில் போட்டாள்.

எதிர்வீட்டுக் காளியாத்தாள்தான் முதலில் கண்டுபிடித்தாள். "இது எங்காத்தா சீலையல்லோ!" அதன்பின் ஒவ்வொருத்தியாக எழுந்து வந்தார்கள். ஒருத்திக்கு மாமியார் சீலை, ஒருத்திக்குச் செத்துப்போன அக்கா சீலை. கறையைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்கள். சலசலப்பைக் கேட்டுச் செல்லாத்தாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். நடுத்துண்டைப் பார்த்ததும் கையிலிருந்த சாயா கிளாஸை அப்படியே தரையில் வைத்துவிட்டாள்.

"ஏனுங்க அக்கா, இது எங்கம்மா சீலைங்க! எங்கிருந்துங்க கெடைச்சுது?" போர்வையை முகத்தோடு சேர்த்து அணைத்தாள். வாடை பட்டதும் நிமிர்ந்தாள். கறை அப்போதுதான் கண்ணில் பட்டது. கண்ணீர் வழிய வழியக் கத்தினாள். "எந்தப் பாவி இதைச் சாணியில போட்டா? அவ கை அழுகிப் போகோணும்!"

ஆட்டுக்கல்லில் மனப்பாடம் செய்த பேச்சில் ஒரு வார்த்தைகூட மயிலாத்தாளுக்குத் தேவைப்படவில்லை.

"உன்ற பையனுக்குத் தெச்சது கண்ணு. உன்ற கட்டுத்தறியில கன்னுக்குட்டிக்கு அடியில கெடந்துது. புள்ளை பெறாதவ கைபட்டதுன்னு நீதான் போட்டே."

அந்தக் கூட்டத்திலும் பிள்ளை இல்லாதவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். காளியாத்தாள் தன் ஊசி நூலை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே போனாள். மற்றவர்களும் போனார்கள். மயிலாத்தாளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இவ்வளவு சந்தோஷம் அவளுக்கு எந்தத் திருவிழாவிலும் வந்ததில்லை.

"அந்தத் துண்டை மட்டும் குடுங்க அக்கா. காலுல வேணும்னாலும் உளுகறேன்."

"ஒண்ணு விடாமக் கொண்டாரச் சொன்னே, கொண்டாந்தேன். குடுக்கச் சொல்லலையே" என்று மயிலாத்தாள் போர்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

செல்லாத்தாள் பிரசிடண்ட் வேலையை விட்டுவிட்டாள். குப்பண்ணன் பயந்தபடியே கிணற்றுத் தண்ணியை முறை வைத்துப் பிரித்தார்கள், அந்தப் போகம் வயல் ஓரம் காயவும் செய்தது. ஈஸ்வரமூர்த்தி தூது வந்தார். குப்பண்ணனும் கெஞ்சினார். அவள் மசியவில்லை.

அந்தப் போர்வையை அவள் அப்புறம்தான் துவைத்தாள். வெள்ளிக்கிழமை தோறும் அதைக் கிணற்றுக்குப் போகிற வழியில் கொடியில் காயப்போடுவாள். குடத்தோடு வருகிற செல்லாத்தாள் அங்கே வந்ததும் நடையைத் தளர்த்துவாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு நடுத்துண்டின் பக்கம் மெல்லக் கை நீட்டுவாள். சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் மயிலாத்தாள், விரல் துணியில் படப்போகிற நேரம் பார்த்து வெளியே வந்து, "காஞ்சிருச்சு" என்று போர்வையை உருவி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.